காவலரைப் படம் எடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?



2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து நம் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, போலீஸ்காரங்க யாரையாவது அடிக்கிறதைப் பார்த்தா செல்போன்ல எடுக்கலாமா? எடுத்தா நம்ம மேலயே கேஸ் போட்டு, செல்போனையும் பிடுங்கிக்குவாங்கன்னு சொல்றாங்களே?" இந்தக் கேள்வியில் ஆர்வத்தைவிட அச்சமே மிகுதி. அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல. ஆகவே, வழக்கறிஞர்களிடம் கேட்டும் தீர்ப்புகளை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். நாம் குருமடத்தில் இறையியல் படித்தவர்களேயன்றிச் சட்டம் படித்தவர்கள் அல்லர். உங்களுக்கென்று ஒரு வழக்கு வந்தால் வழக்கறிஞரிடம்தான் போகவேண்டும். ஆயினும் அடிப்படையை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். எடுக்கலாம். பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு நம் நாட்டில் இல்லை. ஆனால் எங்கே நின்று எடுக்கிறோம், எடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறோம், எடுத்ததை என்ன செய்கிறோம் என்பவற்றில் சிக்கல் வரக்கூடும். அவற்றைத்தான் விரிவாகப் பார்க்கவேண்டும்.

மடப்புரத்தில் நடந்தது

இக்கேள்வி நம் ஊர்ப்பக்கம் இவ்வளவு பரவலாக எழக் காரணம், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நடந்த கொடுமை. அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக வேலை பார்த்தவர் அஜித்குமார். 2025 ஜூன் 27 அன்று கோயிலுக்கு வந்த ஒரு பெண், தம் காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார் கொடுத்தார். அதன்பேரில் தனிப்படைக் காவலர்கள் அஜித்குமாரை விசாரிக்க அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் இறந்துபோனார். தப்பியோட முயன்று கீழே விழுந்தார், வலிப்பு வந்தது என்பது காவல்துறையினர் முதலில் சொன்ன விளக்கம்.

அந்த விளக்கம் நிற்காமல் போனதற்குச் சில நொடிகள் ஓடும் ஒரு காணொளி பெருங்காரணம். கோயிலின் பின்புறம் மாட்டுத்தொழுவம் இருந்த பக்கத்தில், சாதாரண உடையில் இருந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று அடிப்பதை, கோயிலில் பணியாற்றிய ஒருவர் கழிவறைச் சன்னல் வழியாக மறைந்து நின்று தம் செல்போனில் எடுத்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அதற்குமேல் எடுக்க அவரால் முடியவில்லை. ஜூலை முதல் தேதி வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், ஏ.டி. மரிய கிளீட் ஆகியோர் முன் வந்தபோது அந்தப் பதிவும் நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. உடற்கூறு ஆய்வு அறிக்கை காட்டிய 40க்கும் மேற்பட்ட காயங்களைக் கண்டு நீதிபதிகள் கடுமையாகப் பேசினார்கள். மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரிக்க ஆணையிடப்பட்டது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

படம் எடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் நம் மக்களின் அச்சம் அங்கேதான் இருக்கிறது. தமக்கு ஆபத்து உண்டு என்று கூறி, பாதுகாப்பு கேட்டுக் காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு அவர் மனு அனுப்பவேண்டி வந்தது. பின்னர் அவருக்குப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவும், ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்கவேண்டும் என்கிறது. மிரட்டல் வந்தால் அந்தத் திட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம். மனுவைப் பரிசீலிக்கும் குழுவுக்கு மாவட்ட நீதிபதி தலைவர்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சேலம் மாவட்டத்திலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021 ஜூன் 22 அன்று, ஊரடங்குக் காலத்தில், பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் சிறு கடை நடத்தி வந்த ஒருவரைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் நடுச்சாலையில் பிரம்பால் அடித்தார். உடன் வந்தவர்கள் அதைச் செல்போனில் எடுத்தார்கள். அடிபட்டவர் மறுநாள் இறந்தார். காணொளி பரவியதும் அந்த அதிகாரி கைது செய்யப்பட்டார். மடப்புரத்தில் மறைந்து நின்று எடுத்தார்கள். இங்கே அனைவரும் பார்க்கும் பொதுச்சாலையில் எடுத்தார்கள். கொடைக்கானல் மலை ஏறும் வழியில் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி இறங்கும் நம் ஊர் ஓட்டுநர்களுக்கு இப்படிப்பட்ட இடம் எப்படி இருக்கும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

காவல்துறையை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. நம் பங்குக் குடும்பங்களிலேயே காவல் பணியில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. மே மாதச் சீசனில் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தின் முன் வெயிலில் நாள் முழுவதும் நின்று, சுற்றுலா வண்டிகளைத் திருப்பிவிட்டு, இருபக்கமும் வசவு வாங்கிக்கொள்ளும் காவலரையும் நாம் பார்க்கிறோம். நேர்மையாகப் பணி செய்யும் காவலருக்கும் ஒரு பதிவு துணைதான். பொய்ப்புகார் வரும்போது அவரைக் காப்பாற்றுவதும் அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது

நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. தகவல் பெறுவதும் அதைப் பரப்புவதும் இவ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் கூறியது. பொதுச்சாலையில், எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி, அரசு ஊழியர் ஒருவர் தம் பணியைச் செய்வதைப் பார்ப்பது தவறில்லை என்றால், அதைப் பதிவு செய்வதும் தவறில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு போன்ற காரணங்களுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகளைச் சட்டத்தின் மூலம் விதிக்கலாம் என்று 19(2) பிரிவு சொல்கிறது. 'சட்டத்தின் மூலம்' என்ற சொல்லை அழுத்தி வாசிக்கவேண்டும். ஓர் அதிகாரி "எடுக்கக்கூடாது" என்று வாயால் சொல்வது சட்டம் ஆகாது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் கேரள காவல்துறைச் சட்டம், 33ஆம் பிரிவில், காவல்துறையின் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி ஒலியாகவோ காணொளியாகவோ பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுக்கக்கூடாது என்கிறது. கம்பம், குமுளி வழியாக எல்லையைத் தாண்டினால் இந்த உரிமை எழுத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் அப்படித் தனிப்பிரிவு இல்லை. அரசியலமைப்பின் பொது உரிமையை வைத்துத்தான் பேசவேண்டும். தமிழ்நாட்டிலும் அத்தகைய ஒரு பிரிவு வந்தால் சாலையில் நடக்கும் பாதி வாக்குவாதம் குறையும் என்பது நம் எண்ணம்.

மிரட்டுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் சட்டம் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். "ஸ்டேஷனுக்குள்ள வீடியோ எடுத்தே, சீக்ரெட் ஆக்ட்ல உள்ளே போயிருவே" என்ற சொல்லைக் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். மகாராட்டிர மாநிலம் வார்தாவில் காவல் நிலையத்துக்குள் காணொளி எடுத்தார் என்று ஒருவர்மீது இச்சட்டத்தின்கீழ் உண்மையாகவே வழக்குப் போட்டார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022 ஜூலையில் அதை ரத்து செய்தது. அச்சட்டம் 'தடை செய்யப்பட்ட இடம்' எது என்பதை முழுமையாக வரையறுத்திருக்கிறது. படைக்கலக் கிடங்கு, கப்பற்படைத் தளம், இராணுவ முகாம் போன்றவை அதில் வருகின்றன. காவல் நிலையம் அதில் இல்லை என்று நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். 2024இல் அதே உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளையும் வேறொரு வழக்கில் இவ்வாறே முடிவு செய்தது. மும்பை தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். ஆகவே நம் வழக்கறிஞர்கள் இதை இங்கும் எடுத்துக்காட்டலாம்.

இரண்டாவது மிரட்டல், 'அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல்'. இதைச் சற்றுக் கவனமாகப் பார்க்கவேண்டும், ஏனெனில் இது வெறும் மிரட்டல் அல்ல. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே தடுத்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தள்ளுவது, கையைப் பிடிப்பது போன்றவை 132ஆம் பிரிவில் வந்துவிடும். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. பத்தடி தள்ளி அமைதியாக நின்று எடுப்பது தடுத்தல் ஆகாது. ஆனால் காவலரின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுவது, அவர் நடக்கும் வழியில் குறுக்கே நிற்பது, எடுத்துக்கொண்டே கெட்ட வார்த்தை பேசுவது, கூட்டத்தைத் தூண்டுவது ஆகியவை வழக்குக்கு வழி திறந்துவிடும். "தள்ளி நில்" என்றால் தள்ளி நிற்கவேண்டும். தள்ளி நின்றும் எடுக்கலாம். இன்னொன்று: தடையுத்தரவு போடப்பட்ட இடத்தில் கூடி நிற்பதே குற்றமாகலாம். அங்கே கையில் செல்போன் இருப்பது உங்களைக் காப்பாற்றாது.

நீதிமன்ற வளாகமும் இராணுவ இடங்களும் வேறு கணக்கு. அங்கே அனுமதியின்றிப் பதிவு செய்யக்கூடாது.

இங்கே நம் ஊர் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறோம். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் வ.உ. சிதம்பரனாருடன் சேர்த்து அரசத் துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டார். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பொதுக்கூட்டங்களில் அவர் பேசியவற்றைக் காவல்துறையினர் எழுதிக்கொண்டு போன குறிப்புகள் அவ்வழக்கில் அவருக்கு எதிராக வைக்கப்பட்டன. கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் எழுத்தாக நின்றது காவல்துறையின் குறிப்பு மட்டுமே. சொன்னது இதுதானா, இப்படித்தான் சொன்னாரா என்று ஒப்பிட்டுப் பார்க்க மக்கள் கையில் ஒன்றும் இல்லை. இன்று நம் ஊர்ச் சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடமும் ஒரு கேமரா இருக்கிறது. சிவாவின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே இந்த ஒன்று மாறிப்போயிற்று.

படம் எடுப்பதைப் புதிய சட்டம் காவல்துறைமீதே கடமையாக வைத்திருப்பதையும் கவனிக்கவேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, ஒரு வீட்டைச் சோதனையிடும்போதும் பொருள்களைக் கைப்பற்றும்போதும் அதை ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும். அதற்குச் செல்போனையே பயன்படுத்துவது விரும்பத்தக்கது. பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பவேண்டும். சோதனைக்கு வருபவர்களிடம் "பதிவு செய்கிறீர்களா ஐயா?" என்று பணிவாகக் கேட்பது உங்கள் உரிமை. கைது செய்ய வருபவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் தரித்திருக்கவேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை பிற்காலத்தில் சட்டமான கதை இது. மடப்புரத்தில் வந்தவர்கள் சீருடையில் இல்லை, பெயர்ப்பட்டையும் இல்லை. அந்நிலையில் முகத்தைக் காட்டும் பதிவு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

எதை எடுக்கக்கூடாது, எதைப் பரப்பக்கூடாது

எடுக்கும் உரிமை வேறு, பரப்பும் பொறுப்பு வேறு. இவ்விரண்டையும் நம் இளைஞர்கள் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு ஊடகங்களுக்கு அதையே தடை செய்கிறது. காவல்துறை பிடித்துச் செல்லும் 18 வயது நிரம்பாத பிள்ளையின் முகத்தையும் பெயரையும் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. "போலீஸ் அராஜகம்" என்று தலைப்புப் போட்டு, அடி வாங்கும் சிறுவனின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர், அவனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு சட்டத்தை மீறுகிறார். அந்தப் பையன் நாளை பள்ளிக்குப் போகவேண்டும்.

அதேபோல, இரண்டு நிமிடப் பதிவில் முதல் ஒன்றரை நிமிடத்தை வெட்டிவிட்டு, காவலர் கையை ஓங்கும் இறுதிப் பகுதியை மட்டும் அனுப்புகிறவர்களையும் பார்க்கிறோம். அதற்கு முன் என்ன நடந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பத்துக் கட்டளைகளில் எட்டாவது, பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கிறது என்று நம் மறைக்கல்விப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நாக்கால் சொல்வது மட்டுமே பொய்ச்சான்று என்று யாரும் எண்ணவேண்டாம். நடந்ததை அடுத்தவர் வேறாக எண்ணும்படி வெட்டி அனுப்புவதும் அதுதான். காவலராயினும் அவரும் அக்கட்டளை சொல்லும் 'பிறர்'தான். சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. தெரிந்தே பொய்க்குற்றம் சாட்டும் பதிவுக்கு நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் காட்டி யாராவது மிரட்டினால் மட்டும் அஞ்சவேண்டாம். அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே செல்லாதது என்று நீக்கிவிட்டது.

செல்போனைக் கேட்டால்?

"கொண்டா செல்போனை, டெலிட் பண்ணு" என்பதுதான் சாலையில் அதிகம் கேட்கும் சொல். சட்டத்தில் இதற்கு இடம் இல்லை. குற்றம் தொடர்பான பொருள் என்று சந்தேகம் எழும் சூழ்நிலையில் ஒரு பொருளைக் கைப்பற்ற 106ஆம் பிரிவு காவலருக்கு அதிகாரம் தருகிறது. அப்படிக் கைப்பற்றினால் உடனே நடுவருக்குத் தெரிவிக்கவேண்டும். கைப்பற்றும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரம் அடங்காது. சான்றாக நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய மின்னணுப் பதிவை, போகவிடாமல் செய்ய அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவலர் அழித்தாலும் அது குற்றமே. அவர் மிரட்டலுக்குப் பயந்து நீங்களே அழித்தால், பின்னால் விசாரணையில் நீங்கள் விளக்கம் சொல்லவேண்டி வரலாம்.

இதையெல்லாம் நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் ஒரு காவலரிடம் பிரிவு எண்ணோடு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பது நமக்கும் தெரியும். பிரிவு எண்ணைச் சொன்னதாலேயே கூடுதலாக ஓர் அறை வாங்கியவர்களும் இருக்கலாம். உயிர்தான் முதலில். பிடுங்கினால் போராட வேண்டாம். கொடுத்துவிட்டு, "கைப்பற்றியதற்கு ரசீது தாருங்கள் ஐயா" என்று மட்டும் கேளுங்கள். நேரம், இடம், வாகன எண், சட்டையில் இருந்த பெயர், அருகில் நின்றவர்கள் யார் என்பவற்றை வீட்டுக்கு வந்ததும் தாளில் எழுதி வையுங்கள். அழிக்கப்பட்ட பதிவைத் தடயவியல் ஆய்வகத்தில் பல நேரங்களில் மீட்க முடியும். ஆகவே அழிந்துபோன செல்போனை மறுபடியும் பயன்படுத்தாமல் அணைத்து வைப்பது நல்லது.

பதிவு உங்கள் கையிலேயே இருந்தால், எடுத்த செல்போனை அப்படியே பாதுகாக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் பதிவை அழிப்பது நம்மில் பலர் செய்யும் காரியம். வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி அனுப்புவதால், போய்ச்சேரும் பிரதி மூலத்தோடு ஒத்துப்போகாது. புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது. செல்போனுக்கு உரியவர் ஒரு பகுதியிலும், வல்லுநர் மற்றொரு பகுதியிலும் கையெழுத்திடவேண்டும். பதிவு மாறவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' எண்ணும் அதில் குறிக்கப்படும். நம் கைவிரல் ரேகையைப் போன்றது அந்த எண். ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். ஆகவே வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல், பாட்டுப் போடாமல் முழுப் பதிவையும் வைத்திருங்கள். பாட்டுப் போட்டு அனுப்பும் பழக்கம் நம் பையன்களை எப்போது விட்டுப் போகுமோ!

வெளிநாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, காவல்துறை முதலில் வெளியிட்ட செய்தியில் அதை ஒரு மருத்துவச் சம்பவம்போலக் குறிப்பிட்டிருந்தது. கடைவீதியில் நின்ற 17 வயது மாணவி எடுத்த காணொளிதான், காவலர் ஒருவர் அவருடைய கழுத்தின்மீது ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை ஊன்றியிருந்ததை உலகுக்குக் காட்டியது. அங்கே 'மருத்துவச் சம்பவம்', இங்கே 'வலிப்பு'. அதே அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பூங்காவில் காவலர்கள் ஒருவரைக் கைது செய்வதை 2007இல் செல்போனில் எடுத்த வழக்கறிஞர் கைது செய்யப்பட்டார். அது அவருடைய அரசியலமைப்பு உரிமை என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நகராட்சி அவருக்கு 1,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பிரான்ஸில் காவலரின் முகத்தைத் தீய நோக்கத்தோடு வெளியிடுவதைக் குற்றமாக்க 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சட்டத்தின் அப்பகுதியை 2021 மே மாதம் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் நீக்கியது.

காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமரா

சாலையில் நடப்பதை நாம் எடுக்கலாம். நிலையத்துக்குள் அழைத்துப் போய்விட்டால்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அப்படித்தான் உள்ளே போனார்கள். கடையருகே கைதானபோது தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவில் அப்படி ஒன்றும் இல்லை. காவல் நிலையத்தின் சொந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கோ, ஒவ்வொரு நாளும் பதிவு தானாகவே அழியும்படி அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. உள்ளே நடந்ததை அச்சத்தோடு, ஆனால் துணிந்து சொன்னவர் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். காவல்துறையில் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டாம் என்று மேலே சொன்னோமே, அதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பறை என எல்லா இடங்களிலும் ஒலியோடு பதிவு செய்யும் கேமரா வைக்கவேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. நிலையத்தில் கேமரா இருக்கிறது என்பதையும், மனித உரிமை மீறல் நடந்தால் ஆணையத்திடம் முறையிடலாம் என்பதையும் மக்கள் மொழியில் வாயிலில் எழுதி வைக்கவேண்டும் என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர் பதிவைப் பாதுகாக்கும்படி கேட்கும் உரிமையும் அதில் உண்டு. ஆணை ஒழுங்காக நிறைவேறவில்லை என்பதை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே மீண்டும் விசாரணைக்கு எடுத்ததிலிருந்து அறியலாம். ஆயினும் ஆணை ஆணைதான். உங்கள் உறவினரை நிலையத்தில் வைத்து அடித்ததாகத் தெரிந்தால், வேறெதையும் செய்யும் முன், இன்ன தேதி, இன்ன நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாட்கள் ஓடிவிட்டால் "பதிவு அழிந்துவிட்டது" என்ற பதில்தான் வரும்.

முறையிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். காவல் கண்காணிப்பாளர், நீதித்துறை நடுவர், சென்னையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையம் ஆகிய எங்கும் மனுக் கொடுக்கலாம். ஆணையத்துக்கு அனுப்ப வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பங்கள் திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். மனித உரிமைகள் ஆணையத்துக்கு மட்டும் ஒரு காலக்கெடு இருக்கிறது. நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போய்ச் சேரவேண்டும். அதன்பின் வந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.